நாற்காலிகளை நிரப்பியது யார்?

அத்தியாயம் 3

அய்ல்சா ட்வீடியின் வேலை போவதற்கு இன்னும் ஒரு பகல் பாக்கி இருந்தது. சாயங்காலம் அவள் வேலை பார்க்கும் வீட்டுவசதிச் சங்கத்தின் கமிட்டி கூடும். கூடியதும் அவளை வீட்டுக்கு அனுப்பும். அனுப்புவதற்கான காரணத்தை மட்டும் துப்பறிவாளர் ஊனா கார்வி கண்டுபிடித்துத் தரவேண்டும். முடிவை இப்படித் தட்டில் வைத்து நீட்டிவிட்டுத் துப்பறியச் சொன்ன கட்சிக்காரர் இதுவரை ஊனாவுக்கு வாய்த்ததில்லை. அதனால் அவள் உதவியாளன் டூகலுக்குக் காலையிலிருந்தே இந்த கேஸ் ஜீரணமாகவில்லை. வரும் வழியில் சாசேஜ் வைத்த ரொட்டி இரண்டை உள்ளே தள்ளியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிளாஸ்கோவின் கிழக்குப் பேட்டையில் பாதி வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் டிரம்லாகன் வீட்டுவசதிச் சங்கத்தின் அலுவலகம், ஒரு காலத்தில் பேட்டைக்கே பொதுவான சலவைக்கூடமாக இருந்தது. தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. அதற்கு மேலே நேராக மழை. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பேசியே டைரக்டர் க்ரைட்டனுக்கு மேடைப் பேச்சாளர் தொண்டை வந்துவிட்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய புகைப்படம். அதில் அவர் ஒரு கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்க, ஊழியர்கள் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க ஸ்டாஃபுக்குப் பயிற்சி கொடுக்க அரசாங்கம் நிதி கொடுத்துச்சு மிஸ் கார்வி,” என்றார் க்ரைட்டன். “வீட்டுச் சுவர்ல ஈரம் ஊறி ஓதம் அடிச்சா அது எதனால, எப்படிச் சரிபண்றதுன்னு ரெண்டு நாள் வகுப்பு. ஏற்பாடு பண்ணவ அய்ல்சா. போன வாரம் அரசாங்கத்துலேருந்து ஒரு அம்மா வந்து, படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கான்னு ஸ்டாஃபைக் கேள்வி கேட்டாங்க.”

“இருந்துச்சா?”

“ஓதம் எத்தனை வகைன்னு கேட்டாங்க. ரிப்பேர் செக்‌ஷன் கோர்டன் ரெண்டு வகைன்னான். பெருசு, சின்னது.”

டூகல் இருமினான். சிரிப்பை இருமலாக மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் அவன் உருப்படியாகக் கற்ற வித்தை.

“வகுப்புக்குப் போனதா ஸ்டாஃப் சொல்றாங்களா?” என்று கேட்டாள் ஊனா.

“அந்த ரெண்டு நாள் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோச்சாம். கூட வேலை பார்க்கறவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை, பாவம். வகுப்பே நடக்கலை. நிதியை அவ முழுங்கிட்டா. அதை நீங்க ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்தா போதும். எங்க தலைவர் ஆர்ச்சி லோகன், வெளியாள்தான் விசாரிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறார்.”

“ஊர்ல எத்தனையோ பெரிய கம்பெனி இருக்கறப்போ எங்களை எப்படி சார் தேடிப் பிடிச்சீங்க?” என்றான் டூகல்.

“உங்க கடைசி கேஸைப் பத்திக் கேள்விப்பட்டேன்.”

டூகலுக்கு நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. ஊனாவுக்கு விரியவில்லை. அவர்களுடைய கடைசி கேஸ், காணாமல் போன ஒரு பூனை. அவர்கள் இருவரும் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது அது தானாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அய்ல்சா வாசலையொட்டிய மேஜையில் இருந்தாள். முப்பது வயது, கலைந்த தலை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். யாரோ ஒரு கிழவரின் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எரியவில்லை. இன்றோடு வேலை போகப்போகிறவள், அவருக்கு எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் திருகி, அது எரிந்து, அவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை ஊனா காத்திருந்தாள்.

“வகுப்பு நடந்துச்சா?”

“நடந்துச்சு. நாற்காலி எல்லாம் நிறைஞ்சிருந்துச்சு.”

“யாரு உக்காந்திருந்தாங்க?”

அய்ல்சா பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். “திருடின்னு எழுதி அனுப்பினா இந்த ஊர்ல எந்தச் சங்கமும் என்னைச் சேர்த்துக்காது. எனக்கு வேற வேலையும் தெரியாது. அது எனக்கே தெரியும், மிஸ் கார்வி. ஆனா இதுக்கு மேல நான் சொல்றதா இல்லை.”

மறுபடியும் போன் அடித்தது. எடுத்தாள்.

வெளியே வந்ததும் டூகல் குடையை விரித்தான். “இவ திருடின்னா நான் பாதிரியார், பாஸ்.”

“அப்ப உனக்குத் தேவாலயத்துல ஒரு வேலை இருக்கு. வா.”

வகுப்பு நடந்ததாகச் சொல்லப்பட்ட இடம், இரண்டு தெரு தள்ளியிருந்த தேவாலயத்தின் கூடம். பயிற்சி நடத்திய மிஸஸ் வைட்டேக்கர் அன்றைக்கு அங்கேயே வேறு ஒரு சங்கத்துக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். தெற்கே இங்கிலாந்திலிருந்து ரயிலேறி வருகிறவள். கழுத்தில் முத்துமாலை, கையில் சுவரைக் குறுக்கே அறுத்தது போன்ற ஒரு சின்ன மாடல்.

“நடக்கலையா?” அவள் புருவம் முடிக்குள் போய்விட்டது. “என் வாழ்க்கையில இப்படி ஒரு வகுப்பு அமைஞ்சதே இல்லை. ஆபீஸ் ஸ்டாஃப்னா பொதுவா கடைசி வரிசையில உக்காந்து போனை நோண்டுவாங்க. இவங்க என்னை நிம்மதியா டீ குடிக்கவிடலை. அப்படிக் கேள்வி. ஒருத்தர் பூஞ்சணத்தைச் சுரண்டி ஜாம் பாட்டில்லயே போட்டுக் கொண்டுவந்தார்.”

“அடேயப்பா, என்னா கடமை உணர்ச்சி,” என்றான் டூகல்.

“அதைத்தான் நானும் நினைச்சேன்.”

“பேர் எல்லாம் ஞாபகம் இருக்கா?” ஊனா கேட்டாள்.

“பேர் எல்லார் சட்டையிலயும் அட்டையா குத்தியிருந்துச்சு. அதனால முதல்நாள் அறிமுகத்துல, நீங்க எங்கே இருக்கீங்கன்னு மட்டும் கேட்டேன். வாடகை செக்‌ஷனா, ரிப்பேர் செக்‌ஷனான்னு தெரிஞ்சுக்கலாமேன்னு. அவங்க மாடிக் கணக்குல பதில் சொல்றாங்க. ஒருத்தர் ரெண்டாம் மாடி வலது, ஒருத்தர் தரைத்தளம் இடது, கோர்டன் ஒண்ணாம் மாடி இடது. ரொம்பப் பெரிய ஆபீஸ் போலிருக்கு.”

“நீங்க அந்த ஆபீஸைப் பார்த்ததில்லையா?”

“ஸ்டேஷன்லேருந்து நேரா இங்கே வருவேன், இங்கேருந்து நேரா ஸ்டேஷன். ஆனா நல்ல ஜனங்க. வீட்டுப் பலகாரமா கொண்டுவந்து குவிச்சுட்டாங்க. கோர்டன் பண்ணின ஸ்கோன் ரொட்டி இருக்கே, அதுக்காகவே நான் திரும்ப வருவேன்.”

காலையில் சங்க அலுவலகத்தில் டூகல் பார்த்த கோர்டன், கதவுகளைத் தோளால் திறக்கிற ஆள். மார்புவரை தாடி. அந்தக் கையில் மாவு ஒட்டியிருப்பதாக நினைத்துப் பார்க்க அவன் முயன்றான். முடியவில்லை.

“ஒரே ஒரு விஷயம்தான் விசித்திரம்,” என்றாள் மிஸஸ் வைட்டேக்கர். “ரெண்டாம் நாள் டீ முடிஞ்சதும், என் நாற்காலிக் கைப்பிடியில ஒரு அட்டையை மாட்டிட்டாங்க. ‘உங்கள் முறை’ன்னு. எல்லாக் கப்பையும் நான்தான் கழுவினேன். நல்ல ஜனநாயகம், இல்லையா?”

“கோர்டன் ஸ்கோன் பண்றப்போ தாடியை எங்க வெச்சுக்குவாராம்?” என்று டூகல் கேட்டான்.

மிஸஸ் வைட்டேக்கரின் முகம் இறுகியது. “கோர்டனுக்குத் தாடியா? இந்தக் காலத்துல ஒருத்தரோட பேரை வெச்சு இப்படியெல்லாம் பேசறது நாகரிகமில்லை, மிஸ்டர். நான் அன்னைக்கே கோர்டன்கிட்ட எதுவும் கேக்கலை. நீங்களும் கேக்காதீங்க.”

முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் வகுப்புக்குள் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஊனா வேகமாக நடந்தாள். அவள் வேகமாக நடந்தால் கேஸ் நகர்கிறது என்று அர்த்தம். டூகல் அதற்குள் மூன்று விதமாகத் தீர்ப்பு சொல்லி முடித்தான். மூன்றிலும் கோர்டன் தாடியை மழித்துக்கொண்டு தப்பி ஓடினான்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஊனா நடுக்கூடத்தில் நின்றாள்.

“டூகல், மாடிப்படி எந்தப் பக்கம்?”

“எதுக்கு பாஸ்?”

“கோர்டனைப் பார்க்கணும். ஒண்ணாம் மாடி இடது.”

டூகல் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

“பாஸ், இங்க மாடியே இல்லையே. மேல உக்கார்றதுன்னா கோர்டன் புறாவாத்தான் இருக்கணும்.”

“அந்தம்மா எல்லார்கிட்டயும் எங்கே இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க. அவங்க கேட்டது எந்த செக்‌ஷன்னு. இப்ப நான் உன்னைக் கேக்கறேன். நீ எங்க இருக்கே?”

“மூணாம் மாடி வலது,” என்றான் டூகல். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “வீடு. அவங்க சொன்னது வீடு. ஸ்டாஃபே இல்ல, குடியிருக்கறவங்க.”

“மெதுவா.”

“சரி, ஆனா ஒண்ணாம் மாடி இடதுன்னு இந்த ஊர்ல எத்தனை ஆயிரம் வீடு இருக்கும், பாஸ்?”

“நீ அய்ல்சாவா இரு. காலையில வந்து பார்த்தா உன் ஸ்டாஃப் ஒருத்தர்கூட இல்லை. கொஞ்ச நேரத்துல வகுப்பு ஆரம்பிக்கணும். ஆள் பிடிக்க எங்க ஓடுவே?”

டூகல் ஜன்னல் வழியே பார்த்தான். தெருவைத் தாண்டினால் எதிரே சங்கத்தின் பழைய கல்கட்டடம். நாலு அடுக்கு, ஒரே படிக்கட்டு, ஏறுகிற வழியெல்லாம் இடதும் வலதுமாகக் கதவுகள்.

படிக்கட்டில் பதித்த பச்சை டைல் பளபளத்தது. யாரோ சற்றுமுன்தான் கழுவியிருந்தார்கள். முதல் மாடி வலது வீட்டுக் கதவின் கைப்பிடியில் கயிறு கட்டிய ஓர் அட்டை தொங்கியது. ‘படி கழுவ இந்த வாரம் உங்கள் முறை.’

“பாஸ், அந்தம்மா சொன்ன ஜனநாயகம் இங்க தொங்குது.”

ஊனா இடப்பக்கக் கதவைத் தட்டினாள். திறந்தவள் ஒரு குள்ளமான பெண்மணி. மேலங்கியில் மாவு, கன்னத்தில் மாவு, பின்னாலிருந்து அடுப்பின் வாசனை. கதவில் எஃபி மெக்ஸ்கிம்மிங் என்று பெயர் இருந்தது.

“வணக்கம், கோர்டன்,” என்றாள் ஊனா.

எஃபியின் கை கதவிலேயே நின்றுவிட்டது. தப்பிக்க வழி தேடுவாள், சத்தியம் பண்ணுவாள் என்று டூகல் எதிர்பார்த்தான். அவள் கேட்டது வேறு.

“அய்ல்சாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

அந்தக் கேள்வியில் டூகலின் கிண்டல் எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ஊனா நடந்ததைச் சொன்னாள். எஃபி நின்றபடியே கேட்டாள்.

“பாவிப் பொண்ணு,” என்றாள். “அன்னைக்குக் காலையில மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் தட்டினா. எஃபி, ரெண்டு நாள் நாற்காலியில உக்காரணும், டீ உண்டுன்னா. இந்தப் படியில இருக்கற எல்லாரும் போனோம். ஆளுக்கொரு அட்டையைக் குத்தி விட்டா. ஸ்டாஃப் பேர்ல உக்காந்தது வெளியில தெரிஞ்சா உங்க வீட்டுக்கே பிரச்சனை வரும், அதனால நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அவ வேலை போகும்னு ஒரு வார்த்தை சொல்லலையே, கண்ணு.”

“ஸ்டாஃப் எங்க போயிருந்தாங்க?”

“அதை அவ சொல்லலை. நாங்க கேக்கவும் இல்லை. எங்களுக்கு அந்த வகுப்பு தேனா இருந்துச்சு. இங்க வா, காட்டறேன்.”

உள்ளறையில் கட்டிலையொட்டிய சுவரில் கறுப்புப் பூஞ்சணம் மேகம் மாதிரி படர்ந்திருந்தது. நடுவில் சமையல் அலுமினியத் தாள் ஒரு துண்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி.

“மூணு குளிர்காலமா சங்கத்துல சொல்றேன். ஜன்னலைத் திறந்து வைங்கன்னாங்க. சமைக்கறப்போ மூடி போடுங்கன்னாங்க. கடைசியா ஒருத்தன் வந்து, நீங்களும் உங்க பொண்ணும் ரொம்ப மூச்சு விடறீங்க, அந்த ஆவிதான் சுவர்ல படியுதுன்னான். சரி தம்பி, குறைச்சுக்கறோம்னேன். அப்புறம் வகுப்புல அந்த முத்துமாலை சொன்னா, தாளை ஒட்டிப் பாருங்க, தண்ணி முன்பக்கம் நின்னா உங்க மூச்சு, பின்பக்கம் நின்னா வெளியிலேருந்து சுவர் வழியா ஊறுதுன்னு.”

அவள் டேப்பின் ஒரு மூலையை உரித்தாள். தாளின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் டூகலின் ஷூவில் சொட்டியது.

“கமிட்டி எப்போ?” என்றாள் எஃபி.

“இன்னும் கொஞ்ச நேரத்துல.”

அவள் மேலங்கியைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். “தம்பி, நீ மேல ஏறி எல்லாக் கதவையும் தட்டு. அட்டையை மறக்காம குத்திக்கிட்டு வரச் சொல்லு.”

“சத்தியம் பண்ணியிருக்கீங்களே?”

“வெளியில சொல்லமாட்டோம்னுதான் சத்தியம். நாங்க உள்ள போய்ச் சொல்றோம்.”

கமிட்டி சங்க அலுவலகத்திலேயே கூடியது. தலைவர் ஆர்ச்சி லோகன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரும் சங்கத்தின் வீட்டில்தான் குடியிருக்கிறார். ஊழியர்கள் சுவரோரம் வரிசையாக நின்று தங்கள் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அய்ல்சா தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“மிஸ் கார்வி தன் முடிவைச் சொல்லுவாங்க,” என்று க்ரைட்டன் கனிவோடு ஆரம்பித்தார். “வருத்தமான விஷயம்தான்.”

“வகுப்பு நடந்தது,” என்றாள் ஊனா. “ரெண்டு நாளும் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.”

க்ரைட்டனின் கனிவு அப்படியே நின்றது. “அப்ப ஸ்டாஃபுக்கு ஏன் ஒண்ணுமே தெரியலை?”

“படிச்சவங்களைக் கேட்டாத்தானே தெரியும். டூகல், கதவு.”

மழையில் நனைந்த ஒரு டஜன் பேர் உள்ளே வந்தார்கள். கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர் ‘ஃபியோனா’ என்ற பெண்பெயர் அட்டையைக் குத்தியிருந்தார். எல்லாருக்கும் முன்னால் எஃபி. நெஞ்சில் ‘கோர்டன்’.

“அது என் அட்டை,” என்றான் தாடிக்கார கோர்டன், தன்னை மறந்து.

“நீ சொல்லவேண்டியதை எல்லாம் நான் ரெண்டு நாள் கேட்டு வெச்சிருக்கேன், கண்ணு,” என்றாள் எஃபி. “ஓதம் மூணு வகை.”

அய்ல்சா எழுந்தாள். “எஃபி, உங்களை யாரு வரச்சொன்னது? போங்க. உங்க வீடு—”

“உக்காரும்மா,” என்றார் ஆர்ச்சி லோகன். “யாரும் யார் வீட்டையும் தொடப்போறதில்லை. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்த ரெண்டு நாளும் நம்ம ஸ்டாஃப் எங்க இருந்தாங்க?”

“உங்க கண்ணுக்கு முன்னாடிதான் இருக்காங்க,” என்றாள் ஊனா.

டூகல் டைரக்டர் அறைக்குள் போய், அந்தப் பெரிய புகைப்படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தூக்கி வந்து மேஜைமேல் சாய்த்து வைத்தான். க்ரைட்டனின் கையில் கோப்பை. பின்னால் தொங்கிய துணியில், ‘ஊழியர் நலனில் சிறந்த டைரக்டர்’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றின் பெயரும், வகுப்பு நடந்த அதே இரண்டு நாட்களின் தேதியும்.

“மலைப்பக்கம் ஒரு ஹோட்டல்ல விழா,” என்றாள் ஊனா. “விருது வாங்கறப்போ கை தட்ட ஆள் வேணுமே. வகுப்புக்குப் போகவேண்டிய எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டார்.”

ஆர்ச்சி லோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். பிறகு கை தட்டுகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற அதே முகங்களைப் பார்த்தார்.

“வகுப்பைத் தள்ளிப்போடச் சொல்லித்தான் அய்ல்சாகிட்ட—” என்று தொடங்கினார் க்ரைட்டன்.

“இல்லை சார்.” கோர்டனுக்கு மறதி குணமாகிவிட்டிருந்தது. “பஸ்லேருந்து போன் பண்ணினீங்க. நாற்காலி நிறைஞ்சிருக்கணும், எப்படின்னு எனக்குத் தெரியவேண்டாம்னீங்க. நாங்க எல்லாரும் கேட்டோம்.” அவன் அய்ல்சாவைப் பார்த்தான். “வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டோம். மன்னிச்சுடு.”

“நம்மளை எதுக்குக் கூப்பிட்டார்னு இப்பதான் புரியுது பாஸ்,” என்று டூகல் கிசுகிசுத்தான். “கண்டுபிடிக்கமாட்டோம்னு அவ்வளவு நம்பிக்கை.”

“பூனை செஞ்ச வேலை.”

ஆர்ச்சி லோகன் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். “அய்ல்சா விஷயம் முடிஞ்சது. உன் வேலை உன்னுதுதான்மா, இனிமே யாரும் அதைப் பேசக்கூடாது. டைரக்டர் விஷயத்தை அடுத்த வாரம் வெச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஸ்டாஃப் படிக்கத்தான் அரசாங்கம் நிதி கொடுத்துச்சு. நடந்ததை நடந்தபடி நான் அவங்களுக்கு எழுதறேன். ஆனா ஸ்டாஃப் படிச்சே ஆகணும். படிச்சவங்க இதோ நிக்கறாங்க. வகுப்பு இப்பவே. மிஸ்டர் க்ரைட்டன், நீங்க முதல் வரிசை.”

அந்தக் கூட்டம் தெருவைத் தாண்டி, படியேறி, எஃபியின் வீட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அறையில் இடம் கிடைக்காதவர்கள் நடையில் நின்றார்கள், நடையில் கிடைக்காதவர்கள் படியில் நின்றார்கள். எஃபி க்ரைட்டனின் வலது கையைப் பிடித்துச் சுவரில் பதித்தாள்.

“இது எந்த வகை, சொல்லுங்க.”

“அதாவது, வீட்டுக்குள்ள ஜனங்க விடற மூச்சுலேருந்து வர்ற ஆவி—”

“தப்பு,” என்று நாலைந்து குரல் சேர்ந்தாற்போல வந்தது. அதில் கிழவர் ஃபியோனாவின் குரல்தான் உரக்க இருந்தது.

அவர் கையை எடுக்கப் பார்த்தார். எஃபி விடவில்லை.

“கொஞ்சம் இருங்க சார். என் பொண்ணு ராத்திரி பூரா இதுல தலையை ஒட்டிவெச்சுத்தான் தூங்கறா. நீங்க ஒரு நிமிஷம் வெச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது.”

சுவரின் குளிர் க்ரைட்டனின் முழங்கைவரை ஏறுவதை டூகல் அவர் முகத்திலேயே பார்த்தான். எஃபி மற்றொரு கையால் அலுமினியத் தாளை உரித்து, ஈரமான பின்பக்கத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அதிலிருந்து ஒரு சொட்டு அவர் சட்டைக் கையில் விழுந்தது.

“வெளியிலேருந்து ஊறுது,” என்றார் கடைசியில்.

“அப்ப யாரு சரிபண்ணணும்?”

க்ரைட்டன் ஏதோ முணுமுணுத்தார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

கதவோரம் நின்ற அய்ல்சா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“சத்தமா சொல்லுங்க சார்,” என்றாள். “படியில நிக்கறவங்களுக்குக் கேக்கலை.”